வசனத்தைப் பாதியில் நிறுத்துவது யார்?

ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று இயேசு சொன்னதாக நற்செய்தி நூல்களில் இருக்கிறது. ‘அவரே சொல்லிவிட்டார், பிறகு கூலி உயர்வு எதற்கு, நிலம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஒடுக்கப்பட்டோரின் விடுதலையை அறிவிக்கவே வந்ததாக அதே இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். இது முரண்பாடு இல்லையா?

உபாகமம் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். நாட்டில் ஏழைகள் இல்லாமல் போகமாட்டார்கள் என்கிறது. ஆகவே அவர்களுக்குத் தாராளமாகக் கையைத் திற என்று உடனே கட்டளையிடுகிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்வதும் அதே அதிகாரம்தான். இயேசுவின் பேச்சைக் கேட்டவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியும். முன்பாதியை மட்டும் சொன்னால் வறுமை தலைவிதியாகிவிடும். முழுதாகச் சொன்னால் அது இருப்பவர்களின் கடமையாகும்.

எல்லா முரண்பாடும் இப்படித் தீர்ந்துவிடாது. அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது எபேசியர் நிருபம். அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்துவைத்த பணக்காரரைச் சாடுகிறது யாக்கோபு நிருபம். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் உள்ளன. எதை உரக்க வாசிப்பது என்பதை அதிகாரம் உள்ளவர்களே முடிவு செய்து வந்திருக்கிறார்கள்.

1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சிடப்பட்டது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மக்கள் வெளியேறிய வரலாற்றை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். கீழ்ப்படியச் சொல்லும் பகுதியை விட்டுவைத்தார்கள். முழுப் புத்தகமும் அடிமையின் கைக்குப் போனால் என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் மண்ணில் பக்கங்களை நீக்க வேண்டியிருக்கவில்லை. முழு பைபிளையும் கையில் வைத்துக்கொண்டே சாதியையும் காப்பாற்றினார்கள். திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எதிர்ப்பு கிளம்பியது. தலித் கிறிஸ்தவர்கள் திருச்சபைக்குள்ளேயே பாகுபாட்டைச் சந்திப்பதை இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இரண்டுக்கும் இடையே 183 ஆண்டுகள்!

படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம். வசனம் காட்டி யாராவது அடங்கிப் போகச் சொன்னால், அந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, கல்லறைத் தோட்டத்தில் நமக்கு ஏன் தனி இடம், திருவிழாத் தேர் ஏன் நம் தெருவுக்கு வருவதில்லை என்று கேளுங்கள். புத்தகத்துக்குள் இருக்கும் முரண்பாட்டை அறிஞர்கள் விவாதிக்கட்டும். பீடத்தில் வாசிப்பதற்கும் தெருவில் நடப்பதற்கும் உள்ள முரண்பாட்டுக்குத் திருச்சபைதான் பதில் சொல்ல வேண்டும்.