ஒரு கையெழுத்து ஏன் அரிதாகிறது?



அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தின் பொற்கால வீரர்கள் கையொப்பமிட்ட பந்து, மட்டை, நிழற்படம், கடிதம் முதலியவற்றைத் தேடிச் சேர்ப்போர் பலர் உள்ளனர். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. ஏல நிறுவனங்களுக்கோ பெரும் வணிகம். அரிய பொருளுக்கு விலை அதிகம் என்பது அச்சந்தையின் விதி. அவ்விதியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும், ஒரு கையெழுத்து அரியது என்று வியப்பதோடு நின்றுவிடாமல், அஃது ஏன் அரிதாயிற்று என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இதற்கு இரண்டு வீரர்களைச் சான்றாகக் காட்டலாம்.

முதலாமவர் 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன். 1887ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய ஆறேழு வயதிலேயே பஞ்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டவர். மட்டை பிடிப்பதில் அவருக்கு நிகரானோர் மிகச் சிலரே. 1911ஆம் ஆண்டில் அவருடைய சராசரி .408, அதாவது, ஆயிரம் வாய்ப்புக்கு 408 வெற்றி அடிகள் என்னும் விகிதம். ஆனால், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரசிகர்கள் கேட்டு எழுதினால், பெரும்பாலும் அவருடைய மனைவி கேட்டிதான் கணவர் பெயரைக் கையொப்பமாக இடுவார். ஜாக்சன் தாமே இட வேண்டி வந்தால், படம் வரைவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக வரைவார். ஆகவே, அவர் கைப்பட இட்ட கையொப்பங்கள் மிகமிகக் குறைவு. 1911இல் எடுக்கப்பட்டு அவர் கையொப்பமிட்ட ஒரு நிழற்படம், 2021 அக்டோபரில் 1.47 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது.

இரண்டாமவர் பேப் ரூத். 1895இல் பால்டிமோரில் பிறந்தவர். அடங்காப் பிள்ளை என்று ஏழு வயதில் செயின்ட் மேரிஸ் தொழிற்பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்த கத்தோலிக்கத் துறவியரிடம் எழுத்தும் கற்றார், சட்டை தைக்கவும் கற்றார், பேஸ்பாலும் கற்றார். பின்னாளில் 714 'ஹோம் ரன்' அடித்துப் புகழின் உச்சியை எட்டினார். அவருடைய கையெழுத்து தெளிவானது, அழகானது. சிறுவர்கள் சூழ்ந்துகொண்டால் சலிக்காமல் கையொப்பமிடுவார். அதனால் ரூத்தின் கையொப்பங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. மட்டையை வீசும் முறையை ஜாக்சனைப் பார்த்தே கற்றதாக ரூத் கூறியிருக்கிறார் என்பது இங்கே நினைவுகொள்ளத்தக்கது.

இருவரும் வறிய வீட்டுப் பிள்ளைகளே. ஒருவர் கையில் எழுதுகோல் கிடைத்தது. மற்றவருக்கு அது கிடைக்கவில்லை. ஏலக்கூடத்தில் 'மிக அரியது' என்று விளம்பரப்படுத்தப்படும் ஒன்று, உண்மையில் ஒரு குழந்தைக்குக் கல்வி மறுக்கப்பட்டதன் அடையாளம்.

அக்கல்லாமைக்கு ஜாக்சன் கொடுத்த விலையும் சிறிதன்று. பத்து நாள் முன்னறிவிப்பில் தம்மை நீக்க இடமளிக்கும் விதி, 1920ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இல்லை என்று குழுவின் அலுவலர் சொன்னதை நம்பியே கையொப்பமிட்டதாக அவர் 1924இல் வழக்காடினார். அறங்கூறாயம் அவர் பக்கம் நின்றது. நீதிபதியோ அம்முடிவைத் தள்ளிவிட்டார். 1919ஆம் ஆண்டுச் சூதாட்ட விவகாரத்தில் 1921இல் குற்றமற்றவர் என நீதிமன்றம் விடுவித்தும், ஆட்டத்திலிருந்து அவர் வாழ்நாள் முழுவதும் விலக்கப்பட்டார். 1951இல் மறைந்த அவரது பெயர், 2025 மே மாதத்தில்தான் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

விலை ஏற ஏறப் போலிகளும் பெருகின. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., 'ஆபரேஷன் புல்பென்' என்னும் நடவடிக்கையில் போலிக் கையொப்பக் கும்பல் ஒன்றைப் பிடித்தது. அன்னை தெரசாவின் பெயரில் கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகளும் அகப்பட்டன! பெயர் இருந்தால் போதும், பின்னணி வேண்டாம் என்னும் மனப்போக்கு இந்த அளவுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

சேகரிப்போரால் வரலாறு காக்கப்படுகிறது என்பர். அதில் உண்மை உண்டு. அவர்கள் பேணியிராவிட்டால் பல ஆவணங்கள் குப்பைக்குப் போயிருக்கும். ஆயினும், தென் கரோலினா உச்ச நீதிமன்றம் 1997இல் வழங்கிய ஒரு தீர்ப்பே என் மனத்துக்கு உகந்தது. ஜாக்சன் கையொப்பமிட்ட உயிலை, அவர் மனைவியின் சொத்துகளைப் பெற்ற இரண்டு அறநிறுவனங்கள் தங்களுக்கு உரியதெனக் கேட்டன. உயில் பொது ஆவணம், அஃது அரசுக் காப்பிலேயே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் கையெழுத்து சொல்லும் கதை எல்லாருக்கும் உரியது என்றே நான் அதைப் பொருள்கொள்கிறேன்.

நம் பிள்ளைகளும் அஞ்சல்தலை, நாணயம், விளையாட்டு வீரர் அட்டை என ஏதேனும் சேர்ப்பவர்களே. அவர்கள் அதைக் கொண்டுவந்து காட்டும்போது, "இதன் விலை என்ன?" என்று கேட்பதற்கு முன், "இது ஏன் அரிதாயிற்று?" என்று கேட்போம். விடை தேடப் புகும் பிள்ளை வரலாற்றுக்குள் நுழைந்துவிடும். எழுத்தறிவிக்கும் பணியில் இருக்கும் நமக்கோ வேறொரு கடமையும் உண்டு: ஜாக்சனுடைய கையெழுத்தைப் போல் எந்தப் பிள்ளையின் கையெழுத்தும் இனி அரிதாகிவிடக்கூடாது.