ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு படைப்பைப் பழிக்கலாமா?

பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் ‘தி வால்’ ஆசிரியர்களை இழிவுபடுத்துவது, பிள்ளைகளின் காதில் விழவே கூடாதது என்று சொல்வோர் நம் ஆசிரியர் வட்டத்தில் இன்றும் உளர். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு இசைத்தட்டுகள், 26 பாடல்கள், ஏறத்தாழ 80 நிமிடங்கள். இவற்றுள் தாங்கள் கேட்டது எவ்வளவு? பள்ளிப் பிள்ளைகள் கூட்டாகப் பாடும் அந்த ஒரு பாட்டுத்தானே! செய்யுளின் ஓரடியை மட்டும் படித்துக் கருத்துரைக்கும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் வழங்குவோமா?

1979 நவம்பரில் வெளிவந்த அத்தொகுப்பு, பிங்க் என்னும் பாடகன் தன்னைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிக்கொள்ளும் கதை. போரில் மாண்ட தந்தை ஒரு கல். பொத்திப் பொத்தி வளர்த்த தாய் ஒரு கல். முறிந்த மணவாழ்வு ஒரு கல். ஆசிரியரும் அவற்றுள் ஒரு கல். அந்தப் புகழ்பெற்ற பாட்டுக்கு முன்னே இடைவெளியின்றி ஒரு சிறு பாட்டு வருகிறது. பிள்ளைகளின் குறைகளைத் தோண்டியெடுத்து எள்ளி நகையாடும் ஆசிரியர், வீட்டில் மனைவியிடம் அடிபடுகிறார் என்கிறது அது. வாங்கியதை வகுப்பறையில் இறக்கிவைக்கிறார் என்றே நான் பொருள் கொள்கிறேன். இது கல்விமீது கொண்ட பகையா?

பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் தாய், தந்தை இருவருமே ஆசிரியர்கள். அவர் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1944இல், இத்தாலியின் அன்சியோ போர்முனையில் தந்தை மாண்டார். ஆசிரியத் தொழிலை அறியாதவரின் வசை அன்று இது. அந்தக் கூட்டுக்குரலுக்காக இலண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைத்தவரும் அப்பள்ளியின் இசையாசிரியரே! 1980இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கல்வியை எதிர்த்த மாணவர்கள் அப்பாட்டைப் பாடினர், அரசு தடைசெய்தது. அவர்கள் வேண்டாம் என்றது எந்தக் கல்வியை என்பது அரசுக்கு நன்றாகவே விளங்கியது.

படைப்பில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. பெண்களைச் சித்திரிக்கும் விதம் எனக்குச் சற்றும் உடன்பாடன்று. வியப்பு என்னவென்றால், அதைப் பற்றி எவரும் முறையிடக் காணோம்.

இறுதிப் பகுதியில் ஒரு நீதிமன்றக் காட்சி வருகிறது. பிங்குக்கு எதிராக அதே ஆசிரியர் சாட்சி சொல்ல வருகிறார். தம் கையைக் கட்டிப்போடாமல் விட்டிருந்தால் இவனை அடித்தே திருத்தியிருப்பேன் என்கிறார். இதே வாதத்தை எத்தனை ஆசிரியர் கூட்டங்களில், எத்தனை பெற்றோர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம்!