நூற்றுக்கு எத்தனை? விடுபட்ட குழந்தையைத் தேடும் கணக்கு



'இந்தியாவில் 93 சதவீதக் குழந்தைகளுக்கு முழுமையாகத் தடுப்பூசி' என்று ஒரு செய்தி. 2023-24ம் ஆண்டுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கு இது. '76 சதவீதம்தான்' என்று இன்னொரு செய்தி. இது 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு சொன்னது. எது சரி என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

நடுவில் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் நிலைமை முன்னேறி இருக்கலாம். ஆனால் வித்தியாசத்துக்கு அது ஒன்றே காரணம் அல்ல. இரண்டும் வெவ்வேறு வழியில் போட்ட கணக்குகள். துணியை முழம் போட்டு அளப்பதும் மீட்டர் கோலால் அளப்பதும் ஒன்றாகுமா?

நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களில் எத்தனை பேருக்குத் தடுப்பூசி கிடைத்தது என்பதை எப்படி அளக்கிறார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

முதல் வழி: பதிவேடு

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். ஊசி போட்டதும் செவிலியர் பதிவேட்டில் எழுதுவார். ஊர்க்கணக்கு வட்டாரத்துக்கும், வட்டாரக் கணக்கு மாவட்டத்துக்கும் போகும். அப்படியே சென்னை, டில்லி வரை போய்ச் சேரும்.

இப்போது நீங்கள் படித்த பின்னத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மேலே இருப்பது தொகுதி. கீழே இருப்பது பகுதி. ஊசி போட்ட குழந்தைகள் தொகுதி. ஊரில் இருக்கும் குழந்தைகள் பகுதி.

ஒரு கணக்கு போடுவோமா? ஓர் ஊரில் ஒரு வயதுக் குழந்தைகள் 100 பேர். பதிவேட்டில் இருப்பவர்கள் 90 பேர்தான். செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் 10 பேர் பெயர் ஏறவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்கள் 85 பேர். பதிவேட்டின்படி 90க்கு 85, அதாவது 94 சதவீதம். உண்மையிலோ 100க்கு 85. எவருமே பொய் எழுதவில்லை. ஆனாலும் விடை மாறிவிட்டது! பகுதியில் 10 பேர் காணாமல் போனதுதான் காரணம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம் அல்லவா? விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், பண்ருட்டியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறாள். குழந்தைக்கு முதல் சில ஊசிகளை அங்கேயே போடுகிறார்கள். சரியாகப் பிரித்து எழுதாவிட்டால், ஊசி பண்ருட்டிக் கணக்கில் ஏறும். குழந்தையோ விருத்தாசலம் கணக்கில் நிற்கும். இப்படிச் சேர்ந்தால் ஓர் ஊரில் 106 சதவீதம் என்றுகூட விடை வரும். நூற்றுக்கு 106 பேருக்கு எப்படி ஊசி போடுவது? நீங்களே சிரிப்பீர்கள்.

இரண்டாம் வழி: வீடு வீடாகக் கேட்பது

இரண்டரைக் கோடிக் குழந்தைகளின் வீட்டுக்கும் போக முடியாது. அதனால் சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுதான்.

ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது? இதற்கு நம் விருத்தாசலம் பீங்கான் தொழிலே நல்ல பாடம். சூளையில் அகல் விளக்குகளையும் பொம்மைகளையும் அடுக்கிச் சுடுகிறோம். சூளையின் எல்லா மூலையிலும் வெப்பம் ஒரே அளவில் இராது. வாசலுக்கு அருகில் கைக்கு எட்டிய நாலு அகலை எடுத்துப் பார்த்துவிட்டு, 'எல்லாம் நன்றாக வெந்திருக்கிறது' என்று சொல்லலாமா? மேலே, கீழே, மூலை என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்தால்தான் உண்மை தெரியும். அதுபோல, தார்ச்சாலை ஓரத்து வீடுகளை மட்டும் கேட்டால் கணக்கு தவறிவிடும். எனவே குலுக்கல் முறையில் ஊர்களையும் வீடுகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக ஓர் எளிய முறையைப் பயன்படுத்தியது. 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள். ஆக 210 பேர்! விடை 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். அவசரத்துக்கு அது போதும். இந்தியாவின் தேசிய குடும்ப நல ஆய்வு மிகப் பெரியது. 2019-21ல் 6,36,699 வீடுகளில் கேட்டார்கள்.

வீட்டில் என்ன கேட்பார்கள்? முதலில் தடுப்பூசி அட்டை. அட்டை இல்லையென்றால் அம்மாவின் நினைவு. காசநோய் ஊசி, மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து, மூன்று தவணை முத்தடுப்பு ஊசி, தட்டம்மை ஊசி ஆகிய எட்டும் முடிந்திருந்தால்தான் 'முழுமை'. ஒன்று குறைந்தாலும் அந்தக் குழந்தை 76ல் சேராது. மீதி 24ல்தான் சேரும். அட்டை தொலைந்து, அம்மாவுக்கும் ஞாபகம் இல்லாவிட்டால், போட்ட ஊசியும் போடாததாகிவிடும். பார்த்தீர்களா, இந்த வழியிலும் ஓட்டை உண்டு!

அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆண்டுதோறும் ஜூலையில் ஒரு மதிப்பீடு வெளியிடுகின்றன. முத்தடுப்பு மருந்தின் முதல் தவணைகூடக் கிடைக்காத குழந்தைகள் இந்தியாவில் 2023ல் 16 லட்சம். 2024ல் 9 லட்சம் என்கிறது அது. உலகம் முழுவதும் 2024ல் 1 கோடியே 43 லட்சம்.

நம் தமிழ்நாடு எப்படி?

'நாம்தான் எப்போதும் முதல்' என்று மார்தட்டத் தோன்றும். தேசிய குடும்ப நல ஆய்வின் எண்களைப் பாருங்கள். 1998-99ல் நூற்றுக்கு 89. 2005-06ல் 81. 2015-16ல் 70! சறுக்குமரத்தில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. பிறகு 2019-21ல் மீண்டும் 89. வீடு வீடாகப் போய்க் கேட்டிராவிட்டால் இந்தச் சறுக்கல் நம் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா? தேர்வில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாளை மறைக்கக் கூடாது. எந்தக் கேள்வியில் தவறினோம் என்று பார்ப்பவன்தான் அடுத்த முறை தேறுவான்.

சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய். அதைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பேருக்காவது பாதுகாப்பு வேண்டும். 40 பேர் படிக்கும் வகுப்பில் 38 பேர். இரண்டு பேருக்கு மேல் விடுபடக் கூடாது. ஒன்றைக் கவனியுங்கள்: விடுபட்டவர்கள் எல்லாரும் ஒரே தெருவில், ஒரே சூளையில் இருந்தால், மாவட்டம் 95 எடுத்தும் அந்தக் குழந்தைகளுக்குப் பயன் இல்லை. நோய்க்குச் சதவீதம் தெரியாது. விடுபட்ட குழந்தையைத்தான் தெரியும்.

போலியோவை ஒழித்த விதம் இதற்கு நல்ல சான்று. சொட்டு மருந்து கொடுத்ததும் குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிட்ட வீட்டுச் சுவரில் 'பி' என்று எழுதினார்கள். ஒரு குழந்தை விடுபட்டாலும் 'எக்ஸ்' குறி. மறுபடி எந்த வீட்டுக்குப் போனார்கள்? 'எக்ஸ்' வீட்டுக்குத்தான்! இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27ல் நாட்டுக்குப் போலியோ இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. அதே 2014 டிசம்பரில் தொடங்கிய 'இந்திரதனுஷ்' திட்டமும் செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடங்கள் என்று விடுபட்டவர்களைத் தேடிப் போகிறது. இப்போது 'யு-வின்' என்ற கணினிப் பதிவும் வந்துவிட்டது. தாய்வீட்டில் போட்ட ஊசி புகுந்த வீட்டு ஊரிலும் தெரியும். ஆனால் கணினியும் பெயர் ஏறிய குழந்தையைத்தான் காட்டும். ஏறாத பெயரை மனிதர்தான் தேடிப் போக வேண்டும்.

இனி உங்களுக்கு வேலை. உங்கள் தடுப்பூசி அட்டை எங்கே என்று அம்மாவிடம் கேளுங்கள். கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்கள் அட்டையையும் பாருங்கள். உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்திருந்தால் அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்வார்கள்.

அடுத்த முறை செய்தித்தாளில் 'இத்தனை சதவீதம்' என்று படித்தால் உடனே கைதட்டிவிடாதீர்கள். யாரை எண்ணினார்கள், யாரை எண்ணவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தாலே பின்னக் கணக்கில் உங்களுக்கு நூற்றுக்கு நூறு!