விலகலா? விலக்கலா?

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



பள்ளிக்கூடத்தில் தமிழய்யா தன்வினை, பிறவினை நடத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? ‘திருந்தினான்’ தன்வினை, ‘திருத்தினான்’ பிறவினை. இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். இதனால் என்ன பிரயோஜனம் என்று கடைசி பெஞ்சில் சிரித்தவர்களில் நானும் உண்டு. பிரயோஜனம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு ‘க்’ போனதால் 255 நாள் சம்பளம் போயிருக்கிறது!

வேலையை விட்டுப் போவதற்கு நம்மிடம் எத்தனை வார்த்தைகள்! விலகினார் – விலக்கினார். நீங்கினார் – நீக்கினார். பேச்சு வழக்கில் ‘நின்னுட்டேன்’ – ‘நிறுத்திட்டாங்க’. முதலில் சொன்னதெல்லாம் தானாகச் செய்வது. இரண்டாவது, அடுத்தவன் நமக்குச் செய்வது. பாமரனும் இதைக் குழப்பிக்கொள்ள மாட்டான். ஆனால் ஆபீஸ் காகிதத்தில் மட்டும் இது சுலபமாகக் குழம்பிவிடுகிறது. இல்லை, குழப்பப்படுகிறது.

உண்மையான விலகல் எப்படி இருக்கும்? 1956 செப்டம்பரில் மெகபூப்நகரில் ரயில் விபத்து. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அதே நவம்பரில் நம் அரியலூரில் மறுபடியும் கோர விபத்து. சாஸ்திரி மறுபடியும் கொடுத்தார். இந்த முறை ஏற்கப்பட்டது. அவர் தண்டவாளத்தைப் பிடுங்கவில்லை, ரயிலை ஓட்டவும் இல்லை. ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்றார். 1963-இல் காமராசர் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்தாரே, அதுவும் விலகல்தான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

இனி என் அப்பாவின் கதைக்கு வருகிறேன். அறுபது பேர் வேலை பார்த்த ஒரு நூல் மில்லில் அவருக்கு 17 வருட சர்வீஸ். 2016-இல் ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். “ஆர்டர் இல்லப்பா. நீயே நின்னுக்கிட்டா நல்லது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் உடனே செட்டில் பண்ணிடறோம். இல்லேன்னா கோர்ட்டு கச்சேரின்னு அலையணும்” என்றார்கள். டைப் அடித்த காகிதம் மேஜையில் தயாராக இருந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்.’ அப்பா கையெழுத்துப் போட்டார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

அன்று நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம், ஆள் அதிகம் என்று நிர்வாகம் நிறுத்தினால் அதை ‘ஆட்குறைப்பு’ என்றது. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. பதினேழைப் பதினைந்தால் பெருக்கிப் பாருங்கள், 255! தானே விலகினால் இது கிடையாது. கிராஜுவிட்டியோ, 5 வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அன்று நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியதாக இருந்தது. அவருக்குச் சேர வேண்டியதையே தருவதாக ஆசை காட்டி, வேறொன்றைப் பறித்துக்கொண்டார்கள். விலக்கியவர்கள் அவர்கள். விலகியதாக எழுதிக் கொடுத்தவர் அப்பா. போனது ஒரு ‘க்’!

அன்று இரவு அப்பா, “என்ன செய்ய, நம்ம தலையெழுத்து” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இங்கிலீஷில் ‘ரெசிக்னேஷன்’ என்ற சொல்லுக்கு ராஜினாமா என்றும் அர்த்தம். நடப்பது நடக்கட்டும் என்று மனசு ஓய்ந்துபோவது என்றும் அர்த்தம். தமிழில் இரண்டும் வேறு வேறு. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

‘ராஜினாமா’ என்ற சொல்லையே கவனியுங்கள். அது பாரசீக வழியாக நம்மிடம் வந்தது. ‘ராஸி’ என்றால் இசைவு, ‘நாமா’ என்றால் ஏடு. அக்பர் நாமா படித்திருக்கிறோமே, அதே நாமா! ‘கோர்ட்ல ராஜியாயிட்டாங்க’ என்கிறோமே, அதே ராஜி! ஆக, ராஜினாமா என்பதே இசைவுச் சீட்டுதான். மனசு இசையாமல் போட்ட கையெழுத்து எப்படி ராஜினாமா ஆகும்?

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. மறுநாள் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலையில் போட்ட கையெழுத்து அது. ஆனால் நாளை நாம் டிப்ளமோவோடு கம்பெனி வாசலில் நிற்கப் போகிறோம். வேலையில் சேரும்போதே தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து கேட்கும் இடங்களும் இருப்பதாகச் சீனியர்கள் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டால் போடாதீர்கள். எதில் கையெழுத்துப் போட்டாலும் முழுக்கப் படித்து, நகல் ஒன்று வாங்கி வையுங்கள். ‘சொந்தக் காரணம்’ என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். மிரட்டி வாங்கினால் தாமதிக்காமல் தொழிலாளர் அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை. சங்கக் கூட்டத்தில் சின்ன மனஸ்தாபம் வந்தாலே ‘நான் ராஜினாமா பண்றேன்’ என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறோம், மறுநாள் டீக்கடையில் சமாதானமாகிறோம். சாஸ்திரி தூக்கிப் பிடித்த சொல்லை இப்படிச் சில்லறையாக்க வேண்டாம்.

சட்டங்களின் பெயர் மாறலாம். தானே போவதும் தள்ளப்படுவதும் ஒன்றாகிவிடாது. விலகுவதானால் நிமிர்ந்து நின்று விலகுவோம். விலக்கினால் ‘விலக்கினார்கள்’ என்றே எழுதுவோம், அந்த ‘க்’கை விடாமல்!