கடல் கடக்கும் உபாத்தியாயர்கள்

துபாய்க்கும் தோஹாவுக்கும் மஸ்கட்டுக்கும் மாலத்தீவுக்கும் நமது உபாத்தியாயர்கள் ஆண்டுதோறும் புறப்பட்டுச் செல்கிறார்கள். சீனாவிலும் வியட்நாமிலும் தாய்லாந்திலும் கூட இன்று அவர்களைக் காணலாம். போகிறவர்கள் படிப்பற்றவர்களல்லர், பட்டமும் பி.எட். சர்ட்டிபிகேட்டும் சில வருஷ அனுபவமும் பெற்றவர்கள். இவர்களைப் பற்றி நமது தலைவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும்போது பாராட்டுகிறார்கள். இங்கே கணிதம் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்காதபோது, தேசத்தைக் கைவிட்டவர்கள் என்று வைகிறார்கள். அவர்கள் எந்த நிபந்தனையின்மேல் போகிறார்கள் என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புவது அது ஒன்றையே.

போவது தவறென்று நாம் கருதவில்லை. தனியார் பள்ளிக்கூடத்தில் காலை முதல் மாலை வரை உழைத்து, ஒரு குமாஸ்தாவின் சம்பளம்கூடப் பெறாத உபாத்தியாயருக்குத் தேசபக்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்ய யாருக்கும் யோக்கியதை இல்லை. மேலும், நம்மவர் வெளிதேசத்தில் பாடம் சொல்வது நேற்று முளைத்த சங்கதியுமன்று. ஹைலே செலாஸி சக்கரவர்த்தி ஆண்ட காலத்தில் எத்தியோப்பியாவின் பள்ளிக்கூடங்களுக்கு இந்திய உபாத்தியாயர்கள் பெருந்தொகையாகச் சென்றார்கள். அவர்களில் மலையாளிகள் மிகுதி. ஒரு தலைமுறைக்கே எழுத்தறிவித்தவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு அங்கே உண்டு. ஆனால், அவர்களை அழைத்தது ஒரு ராஜாங்கம். இன்று அழைப்பதோ பெரும்பாலும் கம்பெனிகள்.

‘சர்வதேசப் பள்ளிக்கூடம்’ என்ற பெயரின் பிறப்பைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1924-ம் வருஷம் ஜினீவாவில் சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் காரியாலயத்திலும் உத்தியோகம் பார்த்தவர்கள் தங்கள் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நிறுவினார்கள். யுத்தத்தில் ஒருவரையொருவர் கொன்று தீர்த்த ஜாதியாரின் பிள்ளைகள் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தால், பெரியவர்களான பிறகு பகைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே ஜினீவாவில் 1968-ல் ‘இண்டர்நேஷனல் பக்கலாரியேட்’ என்னும் பரீக்ஷை முறை ஸ்தாபிக்கப்பட்டது. இன்றோ உலகத்தில் இப்பெயர் தாங்கிய பள்ளிக்கூடங்கள் பதினாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை லாபத்துக்காக நடப்பவை. படிக்கிறவர்களும் அந்தந்த ஊர்ச் செல்வர்களின் பிள்ளைகளே. ஜாதி பேதமில்லாத உலகம் என்ற லட்சியம் விளம்பரத்தில் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் இல்லை.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டவர் என்றும் உள்ளூரில் சேர்க்கப்பட்டவர் என்றும் உபாத்தியாயர்களை இரண்டு வகுப்பாகப் பிரிப்பது இப்பள்ளிக்கூடங்களின் வழக்கம். முதல் வகுப்பாருக்கு வீடு உண்டு; வருஷந்தோறும் விமான டிக்கெட் உண்டு; குழந்தைகளுக்குக் கட்டணமின்றிப் படிப்பும் உண்டு. இரண்டாம் வகுப்பாருக்கு இவற்றில் பலவும் இல்லை. கணவன் வேலை பார்க்கும் நகரத்துக்கே சென்று, அங்குள்ள பள்ளிக்கூடமொன்றில் சேரும் நம் பெண்களில் அநேகர் இந்த இரண்டாம் வகுப்பில்தான் விழுகிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்தவருக்கு வீடு கொடுப்பது நியாயம் என்று நிர்வாகிகள் சமாதானம் சொல்லலாம். அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கூடத்தில் கட்டணம் குறைவு, ஆகவே சம்பளமும் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். நாம் ஆட்சேபிப்பது வேறு. ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்புக்கு, ஒரே பௌதிக பாடத்தைச் சொல்லுகிற இருவரில், லண்டன் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஒரு சம்பளமும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஒரு சம்பளமும் நிர்ணயிக்கும் இடங்கள் உண்டே, அதைத்தான். பௌதிக சாஸ்திரம் பாஸ்போர்ட்டைப் பார்த்தா மாறுகிறது?

இந்த அநீதி நமக்குப் பழக்கமானதுதான். 1885-ல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் பௌதிக ஆசிரியராக நியமனம் பெற்றபோது, ஐரோப்பியருக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு என்பது சர்க்கார் விதியாக இருந்தது. அவருடைய நியமனம் தற்காலிகமானது என்று அதிலும் பாதியே கொடுக்க வந்தார்கள். அவர் சண்டையிடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று வருஷ காலம் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். முடிவில் ஆரம்ப நாளிலிருந்து கணக்கிட்டு முழுச் சம்பளத்தையும் கொடுக்க நேர்ந்தது. போஸ் அன்று நின்றது தம் சொந்த மண்ணில்; பக்கத்தில் தகப்பனாரும் நண்பர்களும் இருந்தார்கள். கடனை வாங்கிக்கொண்டு கடல் கடந்து போன ஓர் உபாத்தியாயர், வேலையோடு வசிக்கும் அனுமதியும் போய்விடும் என்ற நிலையில், மூன்று மாதமாவது அப்படி நிற்க முடியுமா? ஆகவே அவருக்காக வேறு யாராவது நிற்க வேண்டியிருக்கிறது.

விஸா விதிகளிலும் இந்தப் பேதம் ஊறியிருக்கிறது. தென் கொரியாவில் ஆங்கிலம் போதிக்கும் விஸாவுக்கு ஏழு தேசத்துப் பிரஜைகளே உரியவர்கள் என்பது விதி: அமெரிக்கா, பிரிட்டன், கானடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியாவோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த பிறகே, உபாத்தியாயர் சர்ட்டிபிகேட் உள்ள இந்தியருக்குத் துணை ஆசிரியராக இடம் திறந்தது. வர்த்தக ஒப்பந்தத்தில் இந்திய சர்க்கார் கேட்டார்கள், கிடைத்தது; கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது அத்தாட்சி. நம்மை ஆண்ட இங்கிலாந்தே, 2023 பிப்ரவரி முதல், கணிதம், விஞ்ஞானம், பாஷைகள் ஆகியவற்றைப் போதிக்கும் இந்திய உபாத்தியாயர்களின் யோக்கியதையைப் பரிசீலித்துத் தன் நாட்டு அந்தஸ்தை அளிக்க வழி செய்திருக்கிறது. இங்கிலாந்தின் பாடத்திட்டத்தை விற்றுப் பிழைக்கும் பள்ளிக்கூடங்கள் அந்த இங்கிலாந்தைவிட அதிகம் கூச்சப்பட வேண்டிய அவசியம் என்ன?

சம்பளத்தைவிடப் பெரிய ஆபத்து ஏஜெண்டுகளிடம் இருக்கிறது. 2007 முதல் சுமார் 350 பிலிப்பைன் உபாத்தியாயர்கள் அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒவ்வொருவரும் கொடுத்த கட்டணம் சுமார் 16,000 டாலர். வட்டிக்கு வாங்கிக் கொடுத்தவர்களே அநேகர். பாக்கி வைத்தவர்களின் பாஸ்போர்ட்டு பிடித்து வைக்கப்பட்டது. வாய் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவதாக மிரட்டினார்கள். அவர்கள் ஒன்றுகூடி வழக்காடி, 2012 டிசம்பரில் ஜூரிகள் 45 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் பட்டதாரிகள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். படித்தவன் ஏமாற மாட்டான் என்ற எண்ணம் படித்தவர்களுக்கே உரிய ஒரு மயக்கம்.

நமது சட்டமும் அந்த மயக்கத்திலேயே இயற்றப்பட்டிருக்கிறது. 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட சில தேசங்களுக்கு வேலைக்குப் போகும்போது சர்க்கார் அதிகாரி ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். உபாத்தியாயருக்கு அந்தப் பரிசோதனை இல்லை. அவர் ஒப்பந்தத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. ஏஜெண்டு பதிவு பெற்றிருக்க வேண்டும், வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்ற விதிகள் அவருக்கும் பொருந்தும். ஆனால் அப்படி ஒரு விதி இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. 2021-ல் புதிய மசோதாவொன்றின் நகலைப் பிரசுரித்து ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டார்கள். கேட்டதோடு சரி, அது சட்டமாகவில்லை.

அந்நிய தேசத்துச் சட்டங்கள் இவ்விஷயத்தில் நாம் நினைப்பதைவிட மேலாகவே இருக்கின்றன. ஐக்கிய அரபு நாடுகளின் 2021-ம் வருஷத்துத் தொழில் சட்டம், ஆள் சேர்க்கும் செலவை வேலைக்காரரிடம் வாங்கலாகாது என்றும், அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கலாகாது என்றும் விதிக்கிறது. புறப்படுமுன் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்துக்கு மாறாக அங்கே போன பிறகு ஒப்பந்தம் எழுதக் கூடாது என்பது 2016 முதல் அங்கே விதி. வேலை முடித்துத் திரும்பும்போது முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. இது அடிப்படைச் சம்பளத்தின்மேல் கணக்கிடப்படுவது. வீட்டுப்படி, பிரயாணப்படி என்று பிரித்து அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி எழுதினால், மாதச் சம்பளம் குறையாமலே பணிக்கொடை பாதியாகிவிடும். கையெழுத்துப் போடுமுன் இந்த ஒரு வரியைப் படிக்கிறவர் எத்தனை பேர்? சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உள்ளூர் நிர்வாகியிடம் வேலை பார்த்துப் பழகியவருக்கு, பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கும் வெளியூர் நிர்வாகி வித்தியாசமாகத் தோன்றுவதில்லை. இந்தக் கெட்ட பழக்கத்தை முதலில் நம் ஊரிலேயே ஒழிக்க வேண்டும்.

காமன்வெல்த் மந்திரிகள் 2004 செப்டம்பரில் இங்கிலாந்தில் கூடி, வெளிநாட்டு உபாத்தியாயருக்கு உள்நாட்டாருக்குக் குறையாத நிபந்தனைகள் அளிக்க வேண்டுமென்று ஓர் உடன்பாடு செய்தார்கள். அது நல்லெண்ணப் பத்திரம், யாரையும் கட்டுப்படுத்தாது. பிலிப்பைன் தேசத்தார் அதற்காகக் காத்திராமல், வெளிநாட்டில் உழைக்கும் தம் ஜனங்களுக்கென்று 2021 டிசம்பரில் ஒரு தனி இலாகாவையே சட்டத்தால் ஏற்படுத்திக்கொண்டார்கள். நமது சர்க்காரிடம் நாம் அவ்வளவு பெரிய காரியத்தை உடனே கேட்கவில்லை. உபாத்தியாயர்களுக்கென்று ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்துத் தமிழிலும் மற்ற பாஷைகளிலும் வெளியிடட்டும். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் ஜாபிதாவை ஒவ்வொரு பி.எட். கலாசாலையிலும் ஒட்டச் செய்யட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்த சம்பளம் என்று எழுதும் பள்ளிக்கூடங்களின் பெயர்களை அந்தந்த ஊர் ஸ்தானிகர் மூலம் விசாரித்துப் பிரசுரிக்கட்டும். உபாத்தியாயர் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. உள்ளூர் இடமாற்றங்களுக்காக ஊர்வலம் நடத்தும் இச்சங்கங்கள், கடல் கடந்த அங்கத்தினரின் சந்தாவைப் பெற்று அவர்களுக்கு ஒரு வக்கீலையாவது அமர்த்திக் கொடுக்கலாம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்குமுன், புறப்படுகிறவர்களின் கையில் அந்த மாதிரி ஒப்பந்தமாவது இருக்க வேண்டும்.