ஒரு செடி காத்த வாற்கோதுமை

நோய் எதிர்ப்புச் சக்தியுள்ள இரகம் ஒன்று கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்ற எண்ணம் விவசாயிகளிடம் மட்டுமன்றி, விஞ்ஞானிகள் சிலரிடமும் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்லி எனப்படும் வாற்கோதுமையின் வரலாற்றைக் கொண்டு எடைபோடலாம்.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் வாற்கோதுமையைத் தண்டுத் துரு நோய் கடுமையாகத் தாக்கியது. கிண்ட்ரெட் என்ற ஊருக்கு அருகே, துரு பிடித்து வீணான வயலில் ஒரே ஒரு செடி மட்டும் பசுமையாக நிற்பதைச் சாம் லிக்கன் என்ற விவசாயி கண்டார். அதன் மணிகளைத் தனியே எடுத்து விதைத்துப் பெருக்கினார். 1942இல் அது கிண்ட்ரெட் என்ற பெயரிலேயே இரகமாக வெளிவந்தது. அதன் எதிர்ப்புச் சக்திக்குக் காரணம் ஆர்.பி.ஜி.1 என்ற ஒரே மரபணு. பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் வெளியான பல இரகங்களில் இந்த மரபணு சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அங்கே தண்டுத் துருவால் வாற்கோதுமைக்குப் பெருஞ்சேதம் ஏற்படவில்லை. அதே நிலப்பகுதியில் 1953, 1954ஆம் ஆண்டுகளில் 15-பி என்ற துரு வகை கோதுமையைச் சூறையாடியதை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

ஆனால், இந்தப் பெருமை முழுவதையும் ஒரு மரபணுவுக்கே சூட்டுவது முறையாகாது. துருப் பூசணம் தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியைப் பார்பெரி என்னும் முட்புதரில் கழிக்கிறது. நீலகிரியில் ஊசிக்களா என்று சொல்லப்படும் செடியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பூசணம் கலந்து இனம் பெருக்குவது அந்தப் புதரில்தான். புதிய துரு வகைகள் பிறப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அமெரிக்காவில் 1918 முதல் இப்புதர்களை இலட்சக்கணக்கில் வெட்டி ஒழித்தார்கள். பக்கத்து வயல்களில் எதிர்ப்புள்ள கோதுமை பரவியதால், காற்றில் வரும் வித்துக்களும் குறைந்தன. போதாக்குறைக்கு, வாற்கோதுமை கோதுமைக்கு முன்னதாகவே முதிர்ந்துவிடும். துரு பெருகும் வேளையில் கதிர் அறுவடைக்கு வந்திருக்கும். இத்தனை துணை இருந்ததால்தான் அந்த மரபணு நின்றது. புது மரபணுவுக்குக் கிடைக்கும் புகழில் நூற்றில் ஒரு பங்குகூடப் புதர் வெட்டிய கூலியாளுக்குக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

1989இல் க்யூ.சி.சி. என்ற துரு வகை தோன்றி ஆர்.பி.ஜி.1-ஐ வென்றது. 1999இல் உகாண்டாவிலிருந்து அறிவிக்கப்பட்ட யு.ஜி.99 வகையும் அதைப் பொருட்படுத்தவில்லை. இவ்விரண்டையும் தடுக்கும் ஆற்றல், க்யூ21861 என்ற வாற்கோதுமை வழியில் அடுத்தடுத்து அமைந்துள்ள ஆர்.பி.ஜி.4, ஆர்.பி.ஜி.5 என்னும் மரபணுக்களில் இருப்பது தெரியவந்தது. இதிலும் ஒரு குறை உண்டு. ஆர்.பி.ஜி.4 தரும் எதிர்ப்பு 20 டிகிரி சென்டிகிரேடு அளவில் நன்கு செயல்படுகிறது. வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடுகிறது. வெயில் ஏறும் பகுதிகளுக்கு இதை மட்டும் நம்பி இரகம் வெளியிடுவது ஆபத்தானது.

எனவே, புதிய மரபணுவைத் தனியாக வெளியே விடாமல் ஆர்.பி.ஜி.1-உடன் சேர்த்தே இரகங்களில் ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் வெல்வது பூசணத்துக்கு எளிதல்ல. எளிதல்லவே தவிர, முடியாததும் அல்ல. பார்பெரி இனப் புதர்கள் இன்றும் நிற்கும் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில், இரண்டையும் தாக்கவல்ல துரு வகைகள் ஏற்கெனவே காணப்பட்டுள்ளன. அங்கே மூன்றாவது மரபணுவைத் தேடுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது, வயலோரப் புதர்களைக் கணக்கெடுத்து அகற்றுவதற்கும், சீக்கிரம் முதிரும் இரகங்களைப் பருவத்தில் முந்தி விதைக்கச் செய்வதற்கும் செலவிட வேண்டும்.