இருந்திருந்தால் இந்த வருஷம் பத்தாவது

பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் ஏழு வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலில் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு அவன் புத்தகப் பையையும் ஷூவையும் உறவினர்கள் மூட்டைகட்டி எடுத்துப் போனார்கள். படம் பரணுக்குப் போனது. "கண்ணுல படாம இருந்தாத்தான் மனசு ஆறும்" என்றார்கள். "நீ அழுதுகிட்டே இருந்தா அவன் ஆத்மா எப்படிம்மா சாந்தியடையும்?" என்றார் ஒரு பெரியவர். நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எட்டு வருஷம் கழித்து, பள்ளி திறந்த நாளில், சீருடைப் பிள்ளைகளைப் பார்த்தபடி வாசலில் நின்ற அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "இருந்திருந்தா இந்த வருஷம் பத்தாவது, அக்கா."

மறந்தால்தான் மீள முடியும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடியிருக்கிறது. அது பொய் என்கிறேன். பொய் மட்டுமல்ல, கொடுமையும் கூட.

இதைக் கிராமத்துப் பழசு என்று ஒதுக்க முடியாது. படித்த உலகமும் வெகுகாலம் இதையே சொன்னது. இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் எழுதினார் சிக்மண்ட் ஃபிராய்டு. 1920 ஜனவரியில் அவர் மகள் சோஃபி இன்ஃபுளுவென்சாவில் இறந்தாள். 1929 ஏப்ரல் 12 அன்று, தானும் பிள்ளையை இழந்திருந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஃபிராய்டு ஒரு கடிதம் எழுதினார். இன்று அவளுக்கு முப்பத்தாறு வயது ஆகியிருக்கும், அவள் இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பாமலிருப்பதே சரி என்பது அதன் சாரம். ஒன்பது வருஷமாக அவரும் வயதை எண்ணிக்கொண்டுதான் இருந்தார், எங்கள் தெருத் தாயைப் போலவே.

பிள்ளையை இழந்த பெற்றோருடன் பல ஆண்டுகள் பழகிய ஆய்வாளர் டென்னிஸ் கிளாஸ், வேறு இருவரோடு சேர்ந்து 1996-இல் தொகுத்த நூல், இறந்தவருடன் பந்தம் தொடர்வது இயல்பானது என்று எடுத்துச் சொன்னது. அதற்கு வெகுகாலம் முன்பே இது நம் கிழவிகளுக்குத் தெரியும். இல்லாவிட்டால் இறந்தவரை "நீ" என்று கூப்பிட்டுப் பேசும் ஒப்பாரி எங்கிருந்து வந்தது?

கும்பகோணத்தைப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கிருஷ்ணா பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் கருகினார்கள். வருஷந்தோறும் அதே நாளில் பெற்றோர் பள்ளி முன்னால் கூடிப் படங்களுக்குப் பூப்போடுகிறார்கள். வழக்கில் தீர்ப்பு வரவே பத்து வருஷம் ஆனது. அவர்கள் மறந்திருந்தால் நிம்மதி யாருக்கு? சமையலறைத் தீ தாவும் தூரத்தில் கூரைக்கொட்டகையில் பிள்ளைகளை அடைத்து வைத்தவர்களுக்குத்தான்.

கேரளத்தின் ஈச்சர வாரியரை நினைத்துப் பாருங்கள். நெருக்கடி நிலையில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவரான அவர் மகன் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பவே இல்லை; உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தகப்பன் 1977-இல் உயர் நீதிமன்றப் படி ஏறினார். அந்த வழக்கால் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. 2006-இல் சாகும்வரை வாரியர் மகனை விடவில்லை. "போனது போகட்டும்" என்று அவரும் இருந்திருந்தால், ராஜன் என்ற பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

"அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் பெற்றவர்கள் உடைந்துபோக மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். மாதக்கணக்கில் சோறு இறங்காமல், தூக்கம் வராமல், "நானும் அவன்கிட்டயே போயிடறேன்" என்று ஒரு தாய் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இதே ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. ஆனால் படத்தைப் பரணில் போடுவது எந்த வைத்தியத்திலும் சேர்த்தியில்லை. பெயரைச் சொல்லக்கூடாத வீட்டில் பெற்றவர்கள் தனியாக அழுகிறார்கள், அவ்வளவுதான் நடக்கிறது.

பெரியவர்கள் போனால் நமக்குத் திதி உண்டு, அமாவாசை உண்டு, காக்கைக்குச் சோறு உண்டு. சின்னப் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வருகிற பல குடும்பங்களுக்கு அதன்பிறகு எந்தச் சடங்கும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அங்கேயே உட்கார்ந்து பேச முடிகிறது. மற்றவர்களுக்கு அப்படி ஒரு நாளை நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும். போன பிள்ளையின் பிறந்த நாளில் அந்த வீட்டுக்குப் போகலாம். அவனுக்குப் பிடித்ததைச் செய்து தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

பத்தாவது என்று அந்தத் தாய் சொன்ன அன்று, எட்டு வருஷம் தாமதமாக, அவன் பெயரைச் சொல்லி, "அவனுக்கு என்ன பாடம் பிடிக்கும்?" என்று கேட்டேன். அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கணக்குதான். வாய்ப்பாடு சொல்லிக்கிட்டேதான் சாப்பிடுவான்" என்றார். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அவன் பெயரை வெளியாள் ஒருத்தர் சொல்லிக் கேட்டு எட்டு வருஷம் ஆச்சு என்றார்.